நாடு தோண்டிய மைனியின் கிணறு

வருடத்துக்கு நான்கு முறை நான் ஓர் அறிக்கை எழுதுகிறேன். தாதுவும் எண்ணெயும் தேடுவதற்கு நாடு முழுக்க எவ்வளவு செலவானது, போன காலாண்டைவிடக் கூடியதா குறைந்ததா, ஏன். அவ்வளவுதான் அதன் சமாச்சாரம். மாநிலத் தலைநகரில் ஒரு சின்ன ஆய்வு அலுவலகம். பாறசாலையிலிருந்து காலை பாசஞ்சரில் போய், சாயங்காலம் அதே கூட்டத்தில் நசுங்கித் திரும்புகிறேன். அந்த அறிக்கையை யார் படிக்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படித்தேன் என்று சொல்லி ஒரு ஈ காக்காகூட எனக்குப் போன் பண்ணியதில்லை.

ஆனால் அந்தச் செலவின் குணம் எனக்கு அத்துப்படி. உலகச் சந்தையில் விலை ஏறினால் எல்லாருக்கும் தேடுகிற ஆசை பொங்கும். விலை இறங்கினால் துளை போடும் இயந்திரங்கள் கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கடலுக்கடியில் எண்ணெய் தேடுகிறவர்கள் பெரும்பங்கை விழுங்குவார்கள். மண்ணில் கல் தேடுகிறவர்களுக்கு மிச்சம் மீதி. அதிலும் புது இடத்துக்குப் போக எல்லாருக்கும் பயம். முன்பு கிடைத்த இடத்தைச் சுற்றிச் சுற்றித்தான் தோண்டுவார்கள். பேட்டரி வண்டிகள் ஓடத் தொடங்கியபிறகு காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. பேட்டரிக்கு வேண்டிய தாதுக்களுக்கு இப்போது ஏக மவுசு. பென்சிலுக்குள் இருக்கிறதே, அந்தக் கரி, கிராஃபைட், அதற்கும்தான்.

இதையெல்லாம் இத்தனை வருடம் எழுதியிருக்கிறேன். ஒரு துளையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அது வந்து என் மைனி வீட்டு விளையில் இறங்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மைனி என் அண்ணனின் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்தபிறகு தனியாக இருக்கிறாள். எனக்குப் பக்கத்து வீடு. வீட்டைச் சுற்றி மரச்சீனியும், அதாவது மரவள்ளியும், வாழையும் நிற்கிற விளை. விளையின் ஒருபக்கத்தில் ஒரு மதில். மதிலுக்கு இந்தப்பக்கம் கேரளா, அந்தப்பக்கம் தமிழ்நாடு. எங்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. மைனியின் கோழி தினமும் மாநிலம் விட்டு மாநிலம் போய் மேய்ந்துவிட்டு வருகிறது.

போன கோடையில் மைனியின் கிணறு அடியோடு வற்றியது. என் கிணற்றில் அடிமட்டத்தில் கொஞ்சம் கிடந்தது. வந்து வாளியால் கோரி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சினேன். வருவாளா? "குடமும் கையுமா உனக்க வாசல்ல வந்து நிக்கதுக்கு நான் ஆரு?" என்றாள். காசு கொடுத்து லாரி வெள்ளம் (எங்களுக்குத் தண்ணீர் என்றாலே வெள்ளம்தான்) வாங்கி, அதில் பாதியை வாழைக்கு ஊற்றிவிட்டுக் குளிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கோயம்புத்தூரில் இருக்கிற மகன் போனில் கூப்பிட்டான். அடுக்குமாடி வீடு, லிஃப்ட் உண்டு, குழாயைத் திறந்தால் எந்நேரமும் வெள்ளம். விஷு கழிந்து வந்துவிடுங்கள் அம்மா என்றான். மைனி சரி என்றாள். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அவன் அனுப்பியதைக் கடைத்தெருவில் கொடுத்து அச்சடித்துக்கொண்டு வந்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். கட்டிலுக்கடியில் கிடந்த பெரிய பெட்டியை வெளியே இழுத்துத் துடைத்து வெயிலில் வைத்தாள்.

ஒளிப்பானேன், மைனி போவது எனக்குப் பிடிக்கவே இல்லை. நான் வேலை முடிந்து வந்ததும் என் வாசலில் நின்று "இது என்ன சேலையா, சாக்கா?" என்று கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? அவள் போய்விட்டால் அந்த வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டின வீட்டை மகன் எத்தனை நாள் வைத்திருப்பான்?

அந்த நேரத்தில்தான் ஜீப் வந்தது. தொப்பி போட்ட ஒரு பெண் இறங்கினாள். பாறைகளைப் படித்தவள், சேலத்துக்காரி, முப்பது வயது இருக்கலாம். இந்தப் பக்கத்துப் பாறையில் கிராஃபைட் இருக்க வாய்ப்பு உண்டு, விளையில் ஒரு துளை போட்டுப் பார்க்க அனுமதி வேண்டும் என்றாள். மைனி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்க விளையில பென்சிலு எடுக்கதுக்கா? போ மக்கா, வேற வேல உண்டெங்கி பாரு."

நான் மைனியை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். என் மண்டைக்குள் மணி அடித்திருந்தது.

"மைனி, இவிய துளை போடுத ஆழத்துக்கு நம்ம ஊரு போர்வெல்காரன் கனவுலகூட போவமாட்டான். போற வழியில வெள்ளம் உண்டுமா இல்லியா?"

மைனி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆரு காசு?"

"நாட்டுக்க காசு."

"கரி கிடைக்கலன்னா?"

"அதுவும் செலவு கணக்குலதான் வரும். நான்தான எழுதுதேன்."

மைனிக்குப் பல் தெரியச் சிரிப்பு வந்து ரொம்ப நாளாகியிருந்தது. அன்றைக்கு வந்தது. சேலையைச் செருகிக்கொண்டு வெளியே போய், "சாயா குடிக்கியா மக்கா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

இன்னொரு கள்ளத்தனமும் செய்தோம். முந்தின வருடம் வெள்ளம் பார்க்கிற ஒருவர் கவட்டைக் குச்சியோடு விளையைச் சுற்றிவந்து ஓரிடத்தில் முளை அடித்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பெண்ணின் வரைபடத்தில் இருந்த இடமோ மரச்சீனிக்கு நடுவில். "பயிரு அழிஞ்சுரும், கொஞ்சம் இஞ்சோட்டு நீக்கப்பிடாதா?" என்று நான் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கேட்டேன். கொஞ்சம் தள்ளினால் தப்பில்லை என்றாள். இயந்திரம் முளைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. மைனி முளையைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள்.

இயந்திரம் நின்ற நிலைதான் மைனிக்குப் பிடிக்கவில்லை. நேராக நிற்காமல் மதிலைப் பார்த்துச் சரிந்து நின்றது. "மக்கா, இது சரிஞ்சாக்கும் நிக்குது. ஆருக்க தலையிலயாவது விழும்" என்று ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு முட்டுக் கொடுக்கப் போனாள். "அப்படித்தாம்மா நிக்கணும்" என்று அந்தப் பெண் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். காலாண்டுக்குக் காலாண்டு துளைகளைப் பற்றி எழுதுகிறவள். அந்தச் சரிவுக்கு என்ன பொருள் என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? இல்லை.

இதையெல்லாம் மதிலுக்கு மேலே கையை ஊன்றி ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப்பக்கத்து வீட்டு அண்ணன்; உறவில்லை, கூப்பிடுவது அப்படி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கும் மைனிக்கும் பேச்சு இல்லை. காரணம் சக்கை, அதாவது பலாப்பழம். பிலாமரம் அவர் மண்ணில், கிளை மைனி விளையின் மேல். ஒருநாள் பெரிய சக்கை ஒன்று இந்தப்பக்கம் விழுந்தது. அது தமிழ்நாட்டுச் சக்கை, திருப்பித் தரவேண்டும் என்று அவர் மதிலில் நின்று கேட்டார். தருகிறேன் என்றாள் மைனி. சுளையை நாங்கள் எல்லாரும் தின்றபிறகு தோலை மட்டும் சாக்கில் கட்டி மதிலுக்கு அந்தப்பக்கம் தள்ளினாள். அன்றைக்கு நின்ற பேச்சு. அதற்கு முன்பெல்லாம் வாய்க்கு வாய் "அண்ணே, அண்ணே" என்பவள், அதன்பிறகு "அந்தாளு" என்பதோடு சரி.

துளை போட ஆரம்பித்ததும் எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. ஒரு டேங்கர் வண்டி வந்து நின்றது. நிறைய வெள்ளம். அதைக் குழாய் வைத்துத் துளைக்குள் ஊற்றுகிறார்கள்! கல்லை அறுக்கும் முனை சூடாகாமல் இருக்க வேண்டும், அரைபட்ட கல்தூள் மேலே வரவேண்டும், அதற்காக என்றார்கள். மைனி நெஞ்சில் கை வைத்தாள்.

"எளவு, கெணறு தோண்ட வந்தவம்மாரு வெள்ளத்தக் கொண்டுவந்து மண்ணுக்குள்ள ஊத்துதானுவளே!"

ஊர்ப் பெண்கள் சும்மா இருப்பார்களா? டேங்கரில் ஆளுக்கு ஒரு குடம் பிடித்துக்கொண்டு போனார்கள். சேலத்துப் பெண் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். நல்ல பிள்ளை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் இருந்தேன். "வெள்ளம்! வெள்ளம் வந்தாச்சு!" என்று மைனியின் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் துளையின் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் வெள்ளம் பொங்கி வழிகிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. புதுக் கிணற்றில் கண்ட முதல் குடத்தை வீட்டுக்காரர் குடிக்கக் கூடாது. அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் குடித்தபிறகுதான் இவர்களுக்கு வாய் நனையும். கொடுக்காமல் குடித்தால் ஊற்று அடைந்துபோகும் என்று பயம். கிணறு வெட்டியவருக்குப் புதுத்துணியும் பாயசமும் உண்டு. மைனி கண் மூடித் திறப்பதற்குள் அடுப்பில் பாயசத்தை ஏற்றினாள். பெட்டியில் அடுக்கி வைத்திருந்த பாலராமபுரம் செட்டுமுண்டுப் புதுத்துணியை எடுத்துவந்து சேலத்துப் பெண்ணின் கையில் திணித்தாள். பிறகு ஒரு குடத்தை நிரப்பி, மதிலை ஒரு முறை முறைத்துவிட்டு, நேராக என்னிடம் வந்தாள்.

"குடி."

"மைனி, இது சேறு மாதிரி இருக்கு."

"முதல் குடமாக்கும். குடிடி!"

குடித்தேன். சிமெண்ட்டைக் கரைத்துக் குடித்ததுபோல் இருந்தது. பல்லிடுக்கில் கல்தூள் நறநறத்தது. அப்போதுதான் சேலத்துப் பெண் கையில் செட்டுமுண்டோடு தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா, இது நாங்க ஊத்துன தண்ணிதான். திரும்பி மேல வருது."

மைனி அடுப்பை அணைக்கக்கூட இல்லை. பாயசத்தை எல்லாரும் குடித்தோம். மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து அண்ணன் இருமுவது கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதன்பிறகு இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நீள நீளமாகக் கல் உருளைகளை எடுத்துப் பெட்டிகளில் அடுக்கினார்கள். எங்கேயாவது கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால் அந்தப் பெண் விரலை நாக்கில் நனைத்துக்கொண்டு குனிவாள்; பிறகு உதட்டைப் பிதுக்குவாள். விஷுவும் வந்து போனது. மைனி சேலைகளைப் பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி வந்தால் இயந்திரம் நின்றிருக்கிறது. விளையில் ஒரே அமைதி. துளையில் நட்ட இரும்புக் குழாயின் வாயில் வெள்ளம் தானாக வழிந்துகொண்டிருந்தது. தெளிந்த வெள்ளம். டேங்கர் காலையிலேயே போய்விட்டதாம். இது மண்ணுக்குள்ளிருந்து வருவது. மைனி வாழைக்கருகில் குத்தவைத்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை, அடுப்பு மூட்டவில்லை. ஒருமுறை பட்டுவிட்டாள் அல்லவா? "நெசமாடி?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள்.

நிஜம்தான் என்றாள் சேலத்துப் பெண். கரி தேறவில்லை. ஆனால் ஆழத்தில் ஒரு பாறைப் பிளவில் நல்ல ஊற்று. வழக்கமாகத் துளையை சிமெண்ட் வைத்து மூடிவிட்டுத்தான் போகவேண்டும். நிலத்துக்காரர் கேட்டால் கிணறாக விட்டுக்கொடுக்கவும் வழி உண்டு. "ஆனா ரெண்டு பேரும் சம்மதிக்கணும்" என்றாள்.

"எந்த ரெண்டு பேரு?" என்றேன்.

அவள் மதிலைக் காட்டினாள். துளை சரிவாகப் போகிறது. வாய் மைனி விளையில். ஊற்று இருக்கிற இடம் மதிலைத் தாண்டி அண்ணன் வீட்டுப் பிலாமரத்துக்குக் கீழே. அவரிடம் முதலிலேயே அனுமதி வாங்கியிருந்தார்களாம். அவரும் தன் மண்ணுக்கடியில் கரி கிடைக்கும் என்று ஆசையாகத்தான் காத்திருந்திருக்கிறார். பேச்சு இருந்திருந்தால் எங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும். முளையின் பக்கத்தில் இயந்திரத்தை நகர்த்திய என் சாமர்த்தியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அண்ணன் மதிலுக்கு மேலே தலையைக் காட்டினார். மைனி பத்தடி தள்ளி நின்றாள். இருவரும் என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

"சொல்லு பிள்ளே உனக்க மைனிட்ட. வெள்ளம் எனக்க மண்ணுக்கு அடியிலாக்கும். துளைக்க வாயி அவளுக்கது, வயிறு எனக்கது. இந்தப்பக்கம் ஒரு குழாய் போட்டுத் தந்தா எனக்கு சம்மதம்."

நான் மைனியைப் பார்த்தேன்.

"வயித்த அந்தாளே வச்சுக்கிடட்டுன்னு சொல்லு. வாயில வாறததான் குடிக்க முடியும். ஒரு சொட்டு போவாது அங்கோட்டு."

"சக்கை மட்டும் இங்கோட்டு வரலாமோ?"

"சக்கை தானா விழுந்தது. நான் துளை போட்டா எடுத்தேன்?"

தபால்காரி மாதிரி நடுவில் நின்று எனக்குத் தலை சுற்றியது. நாட்டின் செலவில் வந்த வெள்ளம், இந்த ரெண்டு சக்கைப் பிசின்களால் மூடப்படப் போகிறது. "நாசமாப் போங்க ரெண்டு பேரும்!" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மைனி கோபத்தில் பேசவில்லை, பிடிவாதத்தில்தான் பேசினாள். கோபம் என்றால் ஆறும். அண்ணனுக்குக் குழாய் கொடுப்பதைவிடக் கோயம்புத்தூருக்குப் போவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

மறுநாள் காலையில் லீவு போட்டேன். சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். சேலத்துப் பெண் செட்டுமுண்டின் மேல்துண்டான நேரியதை வெயிலுக்குத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றாள். சிமெண்ட் மூட்டையைப் பிரித்து மணலோடு கொட்டிவிட்டார்கள். கலக்குவதற்கு வெள்ளம் வேண்டும். டேங்கர் இல்லை, மைனியின் கிணறு காய்ந்து கிடக்கிறது. வேலைக்காரர் ஒருவர் சாதாரணமாக வாளியை எடுத்துக்கொண்டு போய் அந்த இரும்புக் குழாயின் வாயிலேயே பிடித்தார். துளையை மூட அந்தத் துளையின் வெள்ளமே.

"நில்லு!" என்றாள் மைனி.

எல்லாரும் நின்றோம்.

"முதல் குடம் குடுக்காம அதில வாளி வைக்காத."

மூடப்போகிற துளைக்கு முதல் குடம் என்ன, இரண்டாம் குடம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. மைனி உள்ளே போய்க் குடத்தோடு வந்தாள். நிரப்பினாள். பளிச்சென்று கண்ணாடியாக இருந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம் நடந்து வந்து குடத்தை நீட்டினாள்.

கை நீட்டப் போன நான் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ, எனக்கே தெரியாது.

"எனக்கு வேண்டாம் மைனி. எனக்கு அன்னைக்கே தந்தாச்சு."

"எடி, அது சேறுல்லா!"

"சேறோ தேனோ. முதல் குடம்னு சொல்லித்தான தந்திய? நான் குடிச்சேன்லா? ஒரு வீட்டுக்கு ரெண்டு முதல் குடம் எந்த ஊருல உண்டு?"

மைனி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். முன்பக்கம் ரோடு. பின்பக்கம் ரப்பர்த் தோட்டம். ஒருபக்கம் நான். மிச்சம் இருக்கிற அடுத்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது மதிலுக்கு அந்தப்பக்கம்.

குடம் கனத்தது. கீழே கொட்டிவிடலாம். அந்தக் கோடையில், நிறைகுடத்தை மண்ணில் கொட்ட மைனியால் முடியுமா? அவள் அதைக் கொட்டுவதற்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இடம் தேடுவதுபோல் திரும்பினாள். பிறகு அவள் மதிலைப் பார்த்துத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினாள்:

"அண்ணே! ஓய் அண்ணே! செவி கேக்கலியா? ஏனம் கொண்டு வாரும், கை கடுக்குது!"

அவர் அங்கேயேதான் நின்றிருந்தார், மதிலுக்குக் கீழே குனிந்து. பாத்திரம் தேடக்கூடப் போகவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து மதிலுக்கு மேலே நீட்டினார். மைனி ஊற்றினாள். பாதி மதிலில் வழிந்தது. அவர் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"கல்லு ருசி கொறச்சு உண்டு" என்றார். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு."

"அந்தத் தோலு தள்ளுன எடத்தில குழாயப் போட்டுக்கிடும்" என்றாள் மைனி. பிறகுதான் தானே ஒரு கை அள்ளிக் குடித்தாள். குடித்துவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் பக்கத்தில் போனபோது "தள்ளிப் போடி, சண்டாளி" என்றாள். நான் போகவில்லை.

சேலத்துப் பெண் இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினாள். கொட்டிய சிமெண்ட்டை வீணாக்காமல் குழாயைச் சுற்றித் தளம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

காலாண்டு முடிந்தது. அலுவலகத்தில் வழக்கம்போல் எழுதினேன்: தேடும் செலவு கூடியிருக்கிறது, பேட்டரித் தாதுக்களால். எங்கள் துளை தேறாதவற்றின் கூட்டத்தில் போனது. அன்று சாயங்காலம் மைனி வீட்டில் சாயா குடிக்க உட்கார்ந்தேன். மேசை ஒரு கால் குட்டையாகி ஆடிக்கொண்டிருந்தது.

"நம்ம துளையப் பத்தி என்ன எழுதுன?" என்றாள் மைனி.

"ஒண்ணும் கிடைக்கலன்னு."

"கள்ளி" என்றாள். எழுந்துபோய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கோயம்புத்தூர் டிக்கெட்டை எடுத்துவந்து, நாலாக மடித்து, குனிந்து மேசைக்காலுக்கு அடியில் வைத்தாள். மேசையை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"இப்பம் குடி" என்றாள்.